இவரின் நாக்கும் நாவற்பழப் பியரும்

என் கணவருக்கு வாய் நீளம் என்று உறவினர்கள் சொல்வார்கள். கூடவே இருந்து சமைத்தவள் என்ற உரிமையில் ஒரு திருத்தம் சொல்கிறேன். நீளமானது அவருடைய மூக்கு. வாய் அதற்குப் பின்னால் போகும் எடுபிடி மட்டுமே. கச்சேரியில், அதுதான் அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்த காலத்தில், பின்னேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வரும்போதே தீர்ப்பு வந்துவிடும். தூள் பழசு, தேங்காய் முற்றவில்லை, சொதியை ஒரு கொதி கூட விட்டுவிட்டீர். கல்யாண வீடுகளில் இவர் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால் சமையல்காரர் கரண்டியை ஒளிப்பார்.

நானோ பெண்கள் பாடசாலையில் மனையியல் படிப்பிக்கிற ரீச்சர். உடுவிலிலும் சண்டிலிப்பாயிலும் எத்தனையோ வீடுகளில் என் மாணவிகள் சமைக்கிறார்கள். ஊருக்குப் புள்ளி போடுகிற எனக்கு வீட்டில் இருபத்தாறு வருடங்களாக நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கிடைத்ததில்லை. ஒருமுறை கோபத்தில் மூன்று நாள் அடுப்பு மூட்டாமல் இருந்தேன். இவர் கடையில் பாண் வாங்கி வந்து சாப்பிட்டார். பாணிலும் பிழை கண்டுபிடித்தார்.

கொரோனா எங்கள் இருவருக்கும் ஒரே கிழமையில் வந்தது. எனக்கு இருமலோடு போய்விட்டது. இவரிடமிருந்து மணத்தையும் சுவையையும் எடுத்துக்கொண்டு போனது. திரும்பி வரும், பொறுமையாக இருங்கள் என்றார் டொக்டர். முதல் மாதம் முழுக்க, கடதாசியைச் சப்புகிற மாதிரி இருக்கிறது என்று இவர் புலம்பினார். பிறகு புலம்பலும் நின்றது. ஒருநாள் மத்தியானம் கத்தரிக்காய்க் கறியை வாயில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லாயிருக்கு" என்றார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சுவை வந்துவிட்டது என்றே நினைத்தேன். அடுத்த நாளும் நல்லாயிருக்கு. அதற்கடுத்த நாளும். மீனும் நல்லாயிருக்கு, மரக்கறியும் நல்லாயிருக்கு. இவரைத் தெரிந்த எவருக்கும் இதில் ஏதோ பிசகு என்று பட்டிருக்கும். ஒருநாள் சொதிக்கு உப்புப் போடாமல் வைத்தேன். இரண்டு அகப்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்றார். நான் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருடம் குறை கேட்டு ஒருநாளும் அழாதவள், அந்தப் புகழ்ச்சிக்கு அழுதேன்.

பிள்ளைகள் இருவரும் படிப்பென்று கொழும்பில். மேசையில் நாங்கள் இரண்டு பேரும்தான். நான் பரிமாறுவேன், இவர் சாப்பிடுவார், நல்லாயிருக்கு என்பார், கையைக் கழுவுவார். இரண்டு வருடம் அப்படிப் போனது. அந்தக் காலத்தில் கோயிலில் நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இந்த மனிசன் என் சமையலில் ஒரு குறை சொல்ல வேண்டும். மனதறிந்து ஒரு குறை சொன்னால் போதும். இந்த வரத்தை முருகனிடம் கேட்ட முதல் மனிசி நானாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் வயிறு வேறு. காய்ச்சலுக்குக் குடித்த குளிசைகள் இவருடைய வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. சில மாதங்களுக்குப் புளியையும் உறைப்பையும் குறைக்கச் சொன்னார் டொக்டர். மனையியல் ரீச்சரிடம் ஒன்றைக் குறைக்கச் சொன்னால் அவள் அதை ஒழித்துக்கட்டிவிட்டுத்தான் ஓய்வாள். பழப்புளி, கொறுக்காய், தேசிக்காய், மாங்காய், ஊறுகாய் எல்லாவற்றையும் வீட்டை விட்டே துரத்தினேன். தக்காளிகூட நன்றாகப் பழுத்தது மட்டும். வயிற்றெரிவு நாலாம் மாதமே மாறிவிட்டது. என் சட்டம் மட்டும் மாறவில்லை. மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை.

போன ஆவணியில் நோர்வேயிலிருந்து என் தம்பி வந்தான். நல்லூர்த் திருவிழா முடியும்வரை நல்ல பிள்ளையாக விபூதி பூசிக்கொண்டு மரக்கறி சாப்பிட்டான். கொடி இறங்கிய மறுநாளே அத்தானைப் பியர் குடிக்கக் கூட்டிப்போகப் போகிறேன் என்று நின்றான். குருநகர்ப் பக்கம் கடலோரத்தில் புதிதாக ஒரு இடம் திறந்திருக்கிறார்களாம். பியரை அங்கேயே, கண்ணுக்கு முன்னால் காய்ச்சுகிறார்களாம். இவர் எப்போதாவது கூட்டாளிகளோடு ஒரு கிளாஸ் எடுப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். இரண்டு பேரும் தெரியாத மாதிரி இருப்பது எங்கள் வீட்டு மரியாதை.

வயிற்றுக்குக் கூடாது என்றேன். ஒரு கிளாஸ்தான் என்றான் தம்பி. அப்படியென்றால் நானும் வருகிறேன் என்றேன். அவனை மடக்குவதற்காகச் சொன்னது. அவனோ சந்தோசமாக, "வாங்கோவன் அக்கா" என்று சொல்லி ஓட்டோவுக்கு ஆளனுப்பிவிட்டான். வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பாடசாலைக்குக் கட்டாத ஒரு சேலையாகத் தேடி எடுத்தேன். சேலையை மாற்றினால் ஆளை மட்டுக்கட்ட மாட்டார்கள் என்று என்ன நம்பிக்கையோ!

முன்பு ஐஸ் கட்டி வைக்கும் கொட்டகையாக இருந்த இடம் அது. சுவருக்கு வெள்ளையடித்து, கடற்பக்கச் சுவரை உடைத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே கண்ணாடிக்கு அப்பால் ஆளுயர எவர்சில்வர் தாங்கிகள் நாலு. வெளியே சீமெந்துத் தரையில் பிளாஸ்ரிக் கதிரைகள். பத்து எட்டில் தண்ணீர். வள்ளங்களைக் கட்டியிருந்தார்கள். பின்னேரம் நாலரை மணி, சோளகக் காற்று மேசை விரிப்புகளை எல்லாம் தூக்கியது, ஒவ்வொரு மேசையிலும் விரிப்புக்குப் பாரமாக ஒரு முருகைக் கல். நண்டு பொரியும் மணம். நான் நினைத்துப் பயந்த மாதிரி இல்லை. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் குழந்தையோடு இருந்து இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்றாலும் வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

நடத்துகிறவர் அந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர், நாற்பது வயதிருக்கும். தகப்பனுக்கு வள்ளம் இருந்ததாம். பல வருடம் ஜேர்மனியில் ஒரு பியர்ச் சாலையில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, தோளில் துவாய். கரும்பலகையைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டார். சாதாரணம், கறுப்பு, நாவல், பச்சைமாங்காய், புளியம்பழம் என்று சோக்கால் எழுதியிருந்தது. தம்பி சாதாரணம் சொன்னான். எனக்குத் தேசிக்காய்ச் சோடா. இவர் பலகையைப் பார்க்கவேயில்லை. கடலைப் பார்த்தபடி, "எனக்கு எது எண்டாலும் ஒண்டுதான்" என்றார்.

அந்தச் சொல் எனக்குள் எங்கேயோ குத்தியது. இவருக்காக நானே தெரிவு செய்தேன். மாங்காயும் புளியம்பழமும் என் சட்டத்தில் தடை. நாவற்பழம் நல்லது, நீரிழிவுக்கும் நல்லது, இனிப்பாகச் சாறு மாதிரி இருக்கும், வயிற்றையும் ஒன்றும் செய்யாது என்று என் மனையியல் அறிவு சொன்னது. நாவல் ஒன்று என்றேன். பியர் விசயத்தில் தீர்மானம் எடுக்கிற நிலைக்கு நான் வந்ததைப் பார்த்துத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கத்தரிப்பூ நிறத்தில் வந்தது, மேலே இளஞ்சிவப்பு நுரை. இவர் ஒரு முடறு குடித்தார். கண்ணைச் சுருக்கினார். தோள் இரண்டும் மேலே போய் இறங்கின. கிளாசை மேசையில் வைத்தார்.

"புளிக்குது" என்றார்.

சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் போய்க்கொண்டிருந்த நடத்துகிறவரின் கை வந்து கிளாசைத் தூக்கிவிட்டது. குறை நினையாதீர்கள் ஐயா, வேறு தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அடுத்த நிமிசமே பரிமாறுகிற பொடியன் ஒரு சாதாரணப் பியரைக் கொண்டுவந்து வைத்தான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம்? சோறு புளித்தால் மாட்டுக்கு, பால்கறி புளித்தால் வாழையடிக்கு. வாயில் வைக்கவே தேவையில்லை, மோந்து பார்த்தாலே போதும், கொட்டிவிடலாம். தோசைக்கு அரைத்த மாவுக்கு மட்டும்தான் விலக்கு. காலையில் எழும்பி மா புளிச்சிட்டுது என்றால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். அதே மா பின்னேரம் புளிச்சுப்போச்சு. ஒரு "போச்சு" சேர்ந்தவுடன் நல்லது கெட்டுவிடுகிறது. இவர் சொன்னதோ இரண்டுமில்லை. புளிக்கிறது என்று மட்டும் சொன்னார். அதிலே குறையும் இல்லை, நிறையும் இல்லை. ஆனால் கேட்டவர் காதில் "போச்சு" தானாகவே சேர்ந்துகொண்டது. ஏன் மறைப்பான், என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. நல்லவேளை கொண்டுபோய்விட்டார், வயிறு தப்பியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

இவரோ கிளாஸ் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி புதுக் கிளாசை அவர் பக்கம் தள்ளினான். இவர் அதைத் தொடவில்லை. நாக்கை வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு என்னிடம், யாரும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"இஞ்சேரும், எனக்குப் புளிச்சது."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் எழுந்தேன். கதிரை பின்னால் விழுந்தது. சேலைக் கொய்யகத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடத்துகிறவர் கழுவும் தொட்டியடியில் நின்று கிளாசைச் சரிக்கப் போனார்.

"அதை ஊத்தாதேங்கோ," என்றேன். "அது எங்கடை."

வகுப்பில் கடைசி வாங்குக்குக் கேட்கிற குரல் எனக்கு. முழு இடமும் திரும்பிப் பார்த்தது. கிளாசை அவர் கையிலிருந்து கிட்டத்தட்டப் பறித்துக்கொண்டு வெளியே வந்தால், இறால் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பத்துத் தாய் எழுந்து நின்று, "வணக்கம் ரீச்சர்" என்கிறாள். எங்கள் ஊர்ப்பக்கத்துத் திருநெல்வேலிப் பிள்ளை, பத்து வருடத்துக்கு முந்தி என்னிடம் படித்தவள். பியர்க் கிளாசை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னேன். அடுத்த கிழமை பாடசாலை முழுக்க இது தெரியவரும் என்று தெரியும். ஒன்றும் செய்ய முடியாது, கிளாஸ் முக்கியம்.

இவர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். இந்த முறை மெதுவாக, வாய்க்குள் வைத்திருந்து குடித்தார். கண் கலங்கியது. புளிப்புக்குக் கலங்கியதா வேறு எதற்குமா என்று நான் கேட்கவில்லை. நாக்கின் இரண்டு கரையிலும் இழுக்கிறது என்றார். தாடைக்குக் கீழே கூசுகிறது என்றார். குடித்துவிட்டு மறுபடியும், புளிக்குது, புளிக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடத்துகிறவருக்கு நாங்கள் என்ன ஆட்கள் என்றே பிடிபடவில்லை. தம்பி எழுந்து விசயத்தைச் சொன்ன பிறகு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எங்களோடு இருந்தார். அது புளிக்கத்தான் வேண்டுமாம். தயிருக்கு உறை போடுகிற மாதிரி ஒன்றைப் போட்டு வேண்டுமென்றே புளிக்கவைத்து, பிறகு நாவற்பழத்தைப் பிசைந்து விடுகிறாராம். ஜேர்மனியில் வெய்யில் காலத்தில் கேட்டு வாங்கிக் குடிப்பார்களாம். இங்கே முதல் மாதம் பலகையில் புளி என்று எழுதி வைத்தாராம், ஒருவரும் தொடவில்லையாம். தெரியாமல் வாங்கினவர்கள், நேற்றைய கள்ளை இன்றைக்கு விற்கிறாயா என்று சண்டைக்கு வந்தார்களாம்.

"அதுக்குப் பிறகு பழத்தின்ரை பேரை மட்டும் எழுதுறன்," என்றார். "ஆராவது புளிக்குது எண்டால் கேள்வி கேக்காமல் எடுத்திடுறது. புளிக்குது எண்டு சொல்லிச் சந்தோசப்பட்ட முதல் ஆள் நீங்கள்தான் ஐயா."

அவர் வேறு மேசைக்குப் போன பிறகு இவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் உமக்கு இவ்வளவு நாளும் பொய் சொன்னனான்."

"தெரியும். சொதிக்கு உப்புப் போடாமல் விட்டுப் பாத்தனான்."

"எந்தச் சொதிக்கு?"

"நாலு சொதிக்கு."

இவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்றார். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்றேன் நான். அதற்கு இவர், "நீர் கறியை வைச்சுப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பீர். நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். உண்மைதான், நான் அப்படித்தான் நின்றேன். ஒரு குறைக்காக நான் நின்றதை, பாராட்டுக்காக நிற்கிறேன் என்று இவர் நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் மற்றவரை நோகாமல் வைத்திருப்பதாக நினைத்து இரண்டு வருடம் பட்டினி கிடந்திருக்கிறோம்.

தம்பி நல்லவன், ஆனால் இடம் பொருள் பார்த்துக் கதைக்கத் தெரியாதவன். நண்டுக் காலை உடைத்தபடி, "ஏன் அக்கா, வீட்டிலை நீங்கள் புளி போடுறேல்லையோ?" என்று கேட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாக்கில் எப்போது புளிப்பு திரும்பி வந்ததோ யாருக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முந்தியா, ஒரு வருடத்துக்கு முந்தியா? வந்து பார்த்தபோது என் குசினியில் அதற்கு ஒரு துளி வேலையும் இல்லை. வயிற்றைக் காப்பாற்றுகிறேன் என்று நான்தான் கதவைப் பூட்டி வைத்திருந்தேன். என் கெட்டித்தனத்தில் எனக்கு வந்த வெறுப்பைச் சொல்லி முடியாது. இவரிடம் சொல்லவும் செய்தேன். என்னாலேதான் என்றேன். இவர் என் சோடாவை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்து, "இதுவும் புளிக்குது, ஆனால் புளிப்புக் குறைவு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பிறகு கிளாசை என் பக்கம் தள்ளி, தனக்குப் புளிப்பு மட்டும்தான் தெரிகிறது, மணம் ஒன்றும் இல்லை, என்ன மணக்கிறது என்று சொல்லும்படி கேட்டார். என் தகப்பன் வீட்டில் கேக்குக்கு விடுகிற வைனைக்கூட மோந்து பார்க்க விடமாட்டார்கள். நான் மோந்தேன். மோந்தால் போதாதென்று ஒரு வாய் குடித்தேன். முகம் கோணிப்போனது, இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். நாவற்பழம் என்றேன். அது பலகையிலேயே இருக்கிறது, வேறென்ன என்றார். மழை பெய்து விட்ட பிறகு நாவல் மரத்தடியில் மிதிபட்டுக் கிடக்கிற பழம் என்றேன். வேறென்ன? விடியக்காலை தோசைமாச் சட்டியைத் திறந்தால் வருவது. வேறென்ன? கொஞ்சம் ஈரச் சாக்கு. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல இவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, ஒரு சொல்லுக்கு ஒரு முடறாகக் குடித்தார். பொழுது சாய்கிற வரைக்கும் அந்த ஒரு கிளாசையே இரண்டு பேரும் வைத்துக்கொண்டிருந்தோம். அரைவாசி நான் குடித்திருப்பேன். ஓட்டோவில் ஏறும்போது கால் கொஞ்சம் சும்மா மிதந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் பழப்புளி வீட்டுக்கு வந்தது. தேசிக்காயும் வந்தது. மீன்குழம்பில் ஒரு தேசிக்காயளவு புளியைக் கரைத்து விட்டேன். புளி தெரிகிறது, மற்றது ஒன்றும் தெரியவில்லை என்று இவர் ஒளிக்காமல் சொன்னார். மற்றதை நான் சொன்னேன். வெந்தயம் போட்டிருக்கிறேன், கறிவேப்பிலை எங்கள் மரம், பெருஞ்சீரகம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் மறுபடியும் பேச்சு வந்தது. என் சமையலின் குறைகளை நானே சொல்ல வேண்டியிருந்தது மட்டும் கொஞ்சம் கரைச்சல்.

தம்பி நோர்வேக்குப் போன பிறகும், மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் கடற்கரைக்குப் போனோம். மாங்காய்ப் பியர் நல்ல புளிப்பு, ஆனால் ஓட்டம், நில்லாமல் போய்விடுகிறது என்றார். புளியம்பழப் பியர் கனம், ரசம் குடிக்கிற மாதிரி. நாவல்தான் இவருக்குப் பிடித்தது. நடத்துகிறவர் புதிதாக ஒன்று வடித்தால் ஒரு சின்னக் கிளாசில் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்துவிட்டு நிற்பார். மணம் தெரியாத மனிசனிடம் புளியைக் கேட்டு, புளி பிடிக்காத மனிசியிடம் மணத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார். பாடசாலையில் கதை பரவத்தான் செய்தது. அதிபர் என்னை ஒருநாள் கூப்பிட்டார். கண்டிக்கப் போகிறார் என்று போனால், அங்கே நண்டு எப்படி என்று கேட்டார்.

தைப்பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு. மத்தியானக் கறிக்கு மரவள்ளிக் கிழங்கைப் பால் விட்டு அடுப்பில் வைத்துவிட்டு, முன் அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை உயிர்ச்சத்து ஏயையும் சீயையும் மாற்றி எழுதிப் படாத பாடு படுத்தியிருந்தது. இவர் வெளியே கிணற்றடியில் வாழைக்கு வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். அடுப்பை நான் மறந்தே போனேன்.

"என்னப்பா," என்று கிணற்றடியிலிருந்து இவருடைய குரல் வந்தது. "கறி அடிப்பிடிக்குது."

பேனையை எறிந்துவிட்டு ஓடினேன். குசினி வாசலில் என் கால் நின்றுவிட்டது. கிணற்றடியிலிருந்து அடுப்புத் தெரியாது. சட்டியிலிருந்து புகைகூட இன்னும் எழும்பவில்லை. அடியில் பால் பிடித்த அந்த மணம் மட்டும் சன்னலால் வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் வாசற்படியில் இருந்துவிட்டேன்.

"கேக்கேல்லையே? கருகுது."

கேட்டது. இன்னும் ஒருமுறை சொல்லட்டும் என்று பேசாமல் இருந்தேன்.